சட்டம் பிரித்த நாடு, கைகொடுத்த கண்டம்: ஜோகன்னஸ்பர்க் வரலாற்றுச் சுற்று ஒன்றைப் பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இயங்கும் சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்று, நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டம் நடந்த இடங்களை இரண்டு நாள்களில் வழிகாட்டியோடு காட்டுகிறது. சட்டத்தால் பிரிக்கப்பட்ட ஒரு நாட்டின் கதையையும், அதை மீட்பதற்காக ஒன்றுபட்ட ஆப்பிரிக்கக் கண்டத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வோம் என்பது அவர்களுடைய விளம்பரம். அந்த இரண்டாவது கதைக்காகத்தான் நான் முன்பதிவு செய்தேன். முதல் கதையை நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாகச் சொன்னார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். குறையை அவர்களுக்கே விரிவாக எழுதிவிட்டதால், நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை.

வழிகாட்டி, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த சொவெட்டோவில் பிறந்து வளர்ந்தவர். அறுபது வயதைக் கடந்தவர். 1976 ஜூன் 16 அன்று பள்ளிச் சீருடையோடு மாணவர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவர்களில் அவரும் ஒருவர். குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் பேசுவார். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார். எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம். அந்த அளவே இத்தகைய பயணத்துக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் காலை கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் தொடங்கியது. பழைய கோட்டை, 'நான்காம் எண்' எனப்படும் கறுப்பினத்தவர் சிறை, பெண்கள் சிறை, அவற்றின் நடுவே இன்றைய அரசியலமைப்பு நீதிமன்றம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களைக் கொண்டே 2004இல் திறக்கப்பட்ட நீதிமன்றத்தின் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். நான்காம் எண் சிறையில் வழிகாட்டி எங்களை அதிக நேரம் நிறுத்திய இடம் உணவுப் பட்டியல்தான். கைதிக்கு எவ்வளவு இறைச்சி, எவ்வளவு கஞ்சி என்பதைக்கூட அவனுடைய இனமே தீர்மானித்தது. வேலை முடிந்து திரும்பும் கைதிகளை நிர்வாணமாக்கி, கைதட்டிக் குதிக்க வைத்து, உடலில் எதையும் மறைத்துவைக்கவில்லை என்று நிரூபிக்கச் செய்த 'டௌசா' என்ற சோதனையை, அது நடந்த முற்றத்தில் நின்றபடியே விளக்கினார். எங்களில் யாரும் புகைப்படம் எடுக்கவில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சட்டங்களை அவர் விளக்கிய விதம். வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல், ஒரு சட்டம் அடுத்த சட்டத்துக்கு எப்படி வழி செய்தது என்று படிப்படியாகக் காட்டினார். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்தது. 1936இல் அது பதின்மூன்று விழுக்காடாக உயர்த்தப்பட்டபோதும் விளைநிலம் இல்லாதவன் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் கூலியாக வந்தே தீர வேண்டியிருந்தது. வந்தவன் அங்கே வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காக, அனுமதிப் புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்கச் சொன்ன பாஸ் சட்டங்கள் இருந்தன. நகரத்திலேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்தவரோ, ஒரே முதலாளியிடம் பத்தாண்டுகள் வேலை செய்தவரோ, பதினைந்து ஆண்டுகள் அங்கே வசித்தவரோ தவிர, வேறெந்தக் கறுப்பினத்தவரும் அனுமதியின்றி நகர எல்லைக்குள் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தைக் குறித்தது. அதே ஆண்டு வந்த குழுப் பகுதிகள் சட்டம், அந்த இனத்தைக் கொண்டு குடியிருக்கும் தெருவைத் தீர்மானித்தது. 1953ஆம் ஆண்டின் பாண்ட்டு கல்விச் சட்டம் குழந்தை எந்த அளவுக்குப் படிக்கலாம் என்பதை வரையறுத்தது. தம் தந்தையின் பாஸ் புத்தகத்தை, மக்கள் வெறுப்போடு 'டோம்பாஸ்' என்று அழைத்த அந்தக் கையேட்டை, வழிகாட்டி உறையிலிருந்து எடுத்து எங்கள் கைகளில் கொடுத்தார். பக்கம் பக்கமாக முதலாளிகளின் மாதாந்தரக் கையொப்பங்கள். ஒரு மாதம் கையொப்பம் விடுபட்டிருந்தால் அந்த மனிதர் குற்றவாளி. இதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு, 1960இல் ஷார்ப்வில் ஊர் மக்கள் ஏன் பாஸ் இல்லாமல் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இடத்துக்கும் போனோம். பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அறிந்து, தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறைக்குப் போக முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டேன். 1913 சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, அங்கே கண்ட காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண் என்று சொன்னதும், மதிய உணவு நேரத்தைக் குறைத்துக்கொண்டு எல்லோரையும் அழைத்துச் சென்றார். குழுவில் இருந்த மற்றவர்களும் மனமுவந்து வந்தார்கள். பயணிக்காக இவ்வளவு வளைந்துகொடுக்கும் சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிற்பகல், நிறவெறி ஆட்சியைப் பற்றிய அபார்ட்ஹெய்ட் அருங்காட்சியகம். 2001இல் திறக்கப்பட்ட இந்த இடத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நுழைவுச்சீட்டு உங்களை 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையர் அல்லாதோர்' என்றோ குறிக்கும். அதன்படி வெவ்வேறு வாயில்களில் நுழைய வேண்டும். என் மனைவி ஒரு வாயிலிலும் நான் மற்றொன்றிலும் போய், கம்பிவலைக்கு இருபுறமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடந்தது சில நிமிடங்கள்தான் என்றாலும், இருவருக்கும் பேச்சு வரவில்லை. உள்ளே, தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளுக்காகக் கூரையிலிருந்து 131 சுருக்குக் கயிறுகள் தொங்குகின்றன. இங்கே ஒதுக்கிய இரண்டு மணி நேரம் போதாது. குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

இனி குறைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் சொவெட்டோவில் ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடத்துக்குப் போனோம். ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்த மாணவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டையும், சுடப்பட்ட சிறுவன் ஹெக்டரைத் தூக்கிச் செல்வதைக் காட்டும், சாம் இன்சிமா எடுத்த அந்தப் படத்தையும் வழிகாட்டி விவரித்தபோது எங்களுக்குக் கண் கலங்கியது. ஆனால், கதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அடுத்த மாதமே மான்ட்ரியல் ஒலிம்பிக் போட்டிகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் விலகின. தென்னாப்பிரிக்காவோடு ரக்பி ஆடிக்கொண்டிருந்த நியூசிலாந்தை அங்கே அனுமதித்ததே காரணம். நான்கு ஆண்டுகள் பயிற்சி செய்த வீரர்கள் ஓடாமலே ஊர் திரும்பினார்கள். சொவெட்டோவின் பிள்ளைகளுக்காகக் கண்டம் கொடுத்த விலையில் அதுவும் ஒன்று. ஜூன் 16க்குப் பிறகு எல்லை தாண்டிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் எங்கே போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. டான்சானியா தன் மொரொகோரோ பகுதியில் மசிம்பு என்ற பழைய கற்றாழைநார்த் தோட்டத்தை அவர்களுக்காக விட்டுக்கொடுத்தது. 1979இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்ட இளம் விடுதலைப் போராளி சாலமன் மலாங்குவின் பெயரில் அங்கே ஒரு பள்ளியே எழுந்தது.

ஷார்ப்வில்லில் இந்த விடுபடல் எனக்கு இன்னும் வருத்தம் தந்தது. 1960 மார்ச் 21 அன்று, அரசுக் கணக்கின்படியே 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது. ஃபெலின்டாபா கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அன்றைய பாஸ் எதிர்ப்பு இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தது பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ். அதன் தலைவர் ராபர்ட் சொபுக்வே, பல்கலைக்கழக வேலையைத் துறந்து, ஓர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்துபோய், என்னிடம் பாஸ் இல்லை, கைது செய்யுங்கள் என்று நின்றவர். மூன்றாண்டுத் தண்டனை முடிந்தும் அவரை வெளியே விடாமல் வைத்திருப்பதற்காக நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவையே சேர்த்தது; சிறைத் தீவான ராபன் தீவில் ஒரு தனி வீட்டில், மற்றக் கைதிகளோடு பேசவும் அனுமதியின்றி, 1969 வரை அவர் வைக்கப்பட்டிருந்தார். ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே ஐக்கிய நாடாக வேண்டும் என்று கனவு கண்ட இந்த மனிதரைப் பற்றி, அவருடைய இயக்கம் இரத்தம் சிந்திய ஊரிலேயே இரண்டு வாக்கியங்களுக்கு மேல் கேட்கக் கிடைக்கவில்லை. மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்ற ஒரு கட்சியின் வரலாற்றை மட்டும் பிரதானமாக்கும் பழக்கம் இங்கே வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். வேறு அரசியல் கொண்டவர் என்பதற்காகச் சொபுக்வேயைச் சுருக்குவது, நினைவிடத்தில் வைத்துச் செய்யக் கூடாத காரியம்.

சொபுக்வேயின் கனவு தனித்து முளைத்ததும் அல்ல. 1900இல் லண்டனில் கூடிய பான் ஆப்பிரிக்க மாநாடு, பின்னாளில் கானாவுக்கும் கென்யாவுக்கும் தலைவர்களான இன்குருமாவும் கென்யாட்டாவும் கலந்துகொண்ட 1945 மான்செஸ்டர் மாநாடு, கானா விடுதலை பெற்ற மறுஆண்டு 1958 டிசம்பரில் அக்ராவில் நடந்த அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாடு ஆகியவற்றின் தொடர்ச்சி அது. 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கியபோது, விடுதலை இயக்கங்களுக்கு உதவ விடுதலைக் குழு ஒன்றை அமைத்து, இன்றைய டான்சானியாவின் தார் எஸ் சலாமில் அதற்கு அலுவலகம் கொடுத்தார்கள். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பல ஆண்டுகள் சாம்பியாவின் லுசாகாவிலிருந்தே இயங்கியது. இடம் கொடுத்ததற்காக அண்டை நாடுகள் அடிவாங்கின: 1981இல் மொசாம்பிக்கின் மட்டோலா, 1982இல் லெசோத்தோவின் மசேரு, 1985இல் போட்ஸ்வானாவின் கபரோனே ஆகிய இடங்களில் தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டிப் புகுந்து கொன்றது. மசேருவில் மட்டும் 42 பேர் இறந்தார்கள். அவர்களில் லெசோத்தோ மக்களும் உண்டு. தாக்குதல்களைத் தாங்க முடியாமல் 1984இல் மொசாம்பிக், போராளிகளுக்கு இடம் தருவதில்லை என்று தென்னாப்பிரிக்காவுடன் இன்கோமாட்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. இவ்வளவையும் வேனில் ஷார்ப்வில் போய்த் திரும்பும் நேரத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பயணத்தில் வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது.

1955இல், நாடு எல்லா இனத்தவருக்கும் சொந்தம் என்று அறிவித்த விடுதலைச் சாசனம் நிறைவேற்றப்பட்ட கிளிப்டவுன் சதுக்கத்தில் ஒரு நல்ல வாய்ப்பு தானாக வந்தது. அங்கே நின்றிருந்த பள்ளிப் பிள்ளைகள் 'இன்கோசி சிக்கெலேலி ஆஃப்ரிக்கா' பாடினார்கள். 1897இல் ஈனொக் சொன்டொங்கா இயற்றிய அந்தப் பாடலின் மெட்டில்தான் டான்சானியாவும் சாம்பியாவும் தங்கள் நாட்டுப்பண்களை அமைத்துக்கொண்டன. எல்லைகளைக் கடந்து மூன்று நாடுகள் எழுந்து நிற்கும் ஒரே மெட்டு. வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கேட்டார்; விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

இந்தச் சுற்றுக்குப் போகலாமா என்றால், போங்கள் என்றே சொல்வேன். சட்டப் பிரிவினையின் உள்ளமைப்பை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கற்கவில்லை. வண்டி சுத்தமாக இருந்தது, நேரம் தவறவில்லை, அருங்காட்சியக நுழைவுக் கட்டணங்கள் தனி என்பதை முன்பதிவின்போதே தெளிவாகச் சொன்னார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் போவோர் குளிருடை எடுத்துச் செல்ல வேண்டும். நான்காம் எண் சிறையின் முற்றங்கள் திறந்தவெளி. ஆப்பிரிக்க ஒற்றுமை பற்றி அறிய விரும்புவோர் அதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிரிட்டோரியாவின் ஃப்ரீடம் பார்க்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். அங்குள்ள பெயர்ச் சுவரில், தென்னாப்பிரிக்கப் படையை எதிர்த்து அங்கோலாவில் போரிட்டு இறந்த கியூபா வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன.

ஊர் திரும்பி நான் எழுதிய மடலுக்கு வழிகாட்டியே பதில் எழுதினார். அவருடைய அண்ணன் 1976 இறுதியில் போட்ஸ்வானா எல்லையை இரவில் தாண்டி, பின்பு டான்சானியா சென்று, மசிம்புவில் படித்து, 1991இல் வீடு திரும்பியவராம். வீட்டில் இன்றும் அவர் கோபம் வந்தால் சுவாஹிலியில்தான் பேசுவாராம். அது தங்கள் குடும்பத்தின் கதை என்றே நினைத்திருந்ததாகவும், பயணிகளிடம் சொல்ல வேண்டிய கதை என்று ஒருபோதும் தோன்றவில்லை என்றும், அடுத்த குழுவை அண்ணனின் வீட்டுக்கு அழைத்துப்போக அவரிடம் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.