யூறோலொஜி அப்பொயின்ற்மென்ற் 2 கிழமை, வன்னியில செய்தது

மெடிக்கல் ஸ்ருடன்றா யூறோலொஜி (சிறுநீர் நோய்ப் பிரிவு) வார்ட்டில பயிற்சிக்கு நிண்ட ரெண்டு கிழமையைப் பற்றி ஜூனியர் பெடியள் கேட்டுக்கொண்டே இருக்கிறதால எழுதுறன். ஆஸ்பத்திரிப் பேர் வேண்டாம், வன்னிக்குள்ள எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ.

ஒப்பரேஷன் தியேட்டர் சரியில்லை. ஆளின்ர முதுகை ஆள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள், திரையில சலக்கல்லு உடையுறது தெரிஞ்சது, அவ்வளவுதான். அதுக்கு மினக்கெடாதேங்கோ, இன்ரேணாப் போனா ஒருத்தரும் உங்களைக் கல்லு உடைக்கச் சொல்லப்போறேல்ல, ராத்திரி 2 மணிக்கு சலம் அடைச்சு அடிவயிறு ஊதி ஒரு அப்பு வருவார், அவருக்குக் குழாய் போடத் தெரியோணும்.

அதை வடிவாப் பழக்கினது வார்ட்டில இருந்த நேர்ஸ் அண்ணை (சேர்மார் கோவிக்கப்படாது). 16 சைஸ் குழாய் எண்டா மூண்டால பிரி, 5 மில்லிமீற்றர் சொச்சம் தடிப்பு. ஜெல்லி விட்டிட்டுக் கொஞ்சம் பொறு. சலம் வந்த உடனே குழாய் கழராமப் பிடிக்கிற நுனிப் பலூனை ஊதாத, குழாயை முழுக்கத் தள்ளிப்போட்டு ஊது, இல்லாட்டி சலவழி கிழிஞ்சிடும். கடைசியா முன்தோலைப் பழையபடி இழுத்துவிடு. நான் முதல் நாளே அதை மறந்து வாங்கின ஏச்சு இருக்கே! ட்ரக்டர் புரண்டு இடுப்பெலும்பு உடைஞ்சு ஆணுறுப்பு நுனியில ரத்தம் நிண்டா மட்டும் குழாயோட கிட்டவும் போகாத எண்டார்.

ஆனா முழு மார்க்ஸும் கிளினிக்குக்குத்தான். சண்டைக்க முள்ளந்தண்டில பட்டு 2009 ல இருந்து வீல்செயாரில இருக்கிற ஆக்கள் வருவினம், சலம் முட்டினது தெரியாது, நேரம் பாத்துத் தாங்களே குழாய் போட்டு எடுக்கினம். குழாயும் சலப் பையுமாவே இருக்கிற ஒரு அண்ணை சொன்னார், "தம்பி, தலை இடிச்சு முகம் வேர்த்தா நான் முதல்ல பையைத்தான் பாக்கிறது" எண்டு. நடு நெஞ்சு மட்டத்துக்கு மேல முள்ளந்தண்டில அடிபட்ட ஆளுக்குக் குழாய் அடைச்சா பிறஷர் எகிறும், பனடோலோட விட்டா உயிருக்கே ஆபத்து, நான் அதைப் புத்தகத்தில ரெண்டு வரியாப் படிச்சிட்டுத் தாண்டினவன்.

சொல்லித்தராம விட்டது விதை முறுகல், விதை திருகி ரத்த ஓட்டம் நிக்கிறது. பெடியன் வெக்கத்தில வயித்துக்குத்து எண்டுதான் சொல்லுவான், கழட்டிப் பாருங்கோ, விதையைக் காப்பாத்தக் கிட்டத்தட்ட 6 மணித்தியாலம்தான் கையில இருக்கு, ஸ்கானுக்குக் காத்திருக்கிற கேஸ் இல்லை.

குவாட்டர்ஸ் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியும். கல்லுக்கு வாற சனம் முழுக்க அந்தத் தண்ணியைத்தான் திட்டும், சேர் வயல்வெயிலுக்க நிண்டிட்டுத் தண்ணி குடிக்காததைத்தான் திட்டுவார்.

5 க்கு 3.5. கிளினிக்குக்கு 7 மணிக்கே போங்கோ, பிந்தினா கதிரை இல்லை.