அருமையான புத்தகம்தான், அடுப்படியில் விரித்தால் நிற்காது

குழந்தைகளுக்குச் சமையலையும் அதன் அறிவியலையும் சேர்த்துச் சொல்லும் இந்தப் படப்புத்தகத்தை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முதுகு விட்டுப்போன அதே புத்தகம் இப்போது பசை போட்டு, மேலே கனம் ஏற்றி, காய்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை பக்கம், எந்த வயதுக்கு என்பதெல்லாம் பின்னட்டையிலேயே இருக்கும். நெடுநாள் அடுப்படியில் வைத்துப் பயன்படுத்தினால் மட்டும் தெரியவரும் விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் முட்டைப் பக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்து விரியும் ஒரே படம். இடது ஓரத்தில் உடைத்து ஊற்றிய பச்சை முட்டை, வலது ஓரத்தில் முற்ற வெந்த முட்டை, இடையில் படுக்கைவசமாக ஒரு வெப்பமானி. வெள்ளைக்கரு 62, 63 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்கும். மஞ்சள்கரு 65-இல் குழைந்து 70-இல் உறையும். வெள்ளைக்கருவில் அதிகமாக உள்ள புரதமோ 80 வரை போனால்தான் இறுகும். மஞ்சள்கரு இளகி இருக்க, வெள்ளைக்கரு மட்டும் நிற்க வேண்டுமென்றால் ஏன் கொதிநீரில் 6, 7 நிமிடத்தோடு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்குக் காட்ட முடியாது. வெளியிலிருந்து உள்ளே சூடு ஏறுகிறது, வெள்ளை முந்துகிறது, அவ்வளவுதான். அதிக நேரம் கொதித்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் விழுவதையும் வலது ஓரத்தில் வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் 62 முதல் 70 வரையிலான அந்த எட்டு டிகிரி எங்கே இருக்கிறது தெரியுமா? நடுமடிப்புக்குள். முழுப் படத்திலும் முக்கியமான இடம் அதுதான், அதுதான் மடிப்பில் புதைந்து கிடக்கிறது. எண்களைப் பார்க்கப் பக்கங்களை அழுத்தி விரிக்க வேண்டும். அழுத்தினால் பசை விடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் புத்தகம் உடைந்தது என்றே சொல்லலாம்.

காரணம் கட்டுமானம். கெட்டி அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே இருப்பது பெர்ஃபெக்ட் பைண்டிங். மடித்த தாள்களின் மடிப்பைச் சீவி எறிந்துவிட்டு, ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் சூடான பசையில் ஒட்டும் முறை இது. சாதாரண நாவலுக்கு அது போதும். வழவழப்பான கனத்த ஆர்ட் பேப்பரில் பசை நன்றாக ஊடுருவாது. தாள் கனமாக இருப்பதால் திரும்பி மூடிக்கொள்ளவே பார்க்கும். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் கரண்டி இருக்கும்போது புத்தகம் தானாக மூடிக்கொண்டால் குழந்தை மாவு படிந்த விரலோடுதான் அதைத் திறக்கும். சமையல் புத்தகம் போடுகிறவர்களுக்கு இது தெரியாதா? மடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக, அதாவது ஃபாரம் ஃபாரமாக, நூலால் தைத்திருந்தால் இதே தாள் ஓரளவு விரிந்தே கிடந்திருக்கும். ஸ்பைரல் போட்டிருந்தால் மேசையில் தட்டையாகப் படுக்கும், துளையோரம் கிழியும் என்ற குறை மட்டும் உண்டு. படப்புத்தகங்களில் பக்கவாட்டுத் தையல் என்று இன்னொரு வகை இருக்கிறது, எல்லாத் தாளையும் அடுக்கி முதுகோரமாக ஊடுருவித் தைப்பது. இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் மடிப்போரப் படத்தை இன்னும் அதிகமாக விழுங்கும்.

கழன்ற தாளைச் சேர்ப்பது கடினமில்லை. பழைய பசையை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, தாளின் உள்ளோரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் புத்தகம் கட்டப் பயன்படும் பிவிஏ என்ற வெள்ளைப் பசையைத் தடவி, மடிப்பின் அடிவரை செருக வேண்டும். இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, புத்தகத்தை மூடி, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். அட்டை ஆடினால், ஒரு பின்னல் ஊசியில் அதே பசையைப் பூசி, முதுகையொட்டிய இடுக்கில் நுழைத்து உருட்டி எடுக்க வேண்டும். காய்ந்ததும் விறைக்கிற பசை வேண்டாம், அடுத்த முறை திறக்கும்போது அது வெடித்துவிடும். செலோடேப் அறவே கூடாது. அது நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், உரித்தால் படமும் சேர்ந்து வரும்.

தண்ணீர் இன்னும் மோசம். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு நனைந்தால் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. நனைந்தவுடன் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் மெழுகுத்தாள் செருகிவிட வேண்டும்.

இவ்வளவு கோபத்துக்கும் நடுவில் வெண்ணெய்ப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பாதிவரை கிரீம், அதைக் குலுக்குவது, அவ்வளவுதான் செய்முறை. ஆனால் ஒவ்வொரு நிலையிலும் ஜாடிக்குள் என்ன கேட்கும் என்று எழுதியிருக்கிறார்கள்! முதலில் தளும்பும். பிறகு கிரீம் நுரைத்துக் கெட்டியாகி, சத்தமே இல்லாமல் போகும். பெரும்பாலான பிள்ளைகள் ‘இனி ஒன்றும் ஆகாது’ என்று கைவிடுவது இங்கேதான். தொடர்ந்து குலுக்கினால் திடீரென்று மோர் பிரிந்து மறுபடி தளும்பும், கட்டி ஜாடிச் சுவரில் மோதும். காதால் சமைக்கக் கற்றுத்தரும் பக்கம் இது. 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 200 மில்லி எடுத்தால் ஏறக்குறைய 80 கிராம் வெண்ணெய் தேறும். புத்தகம் சொல்லாத ஒன்று: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குலுக்கினால் கை ஓய்ந்துவிடும், 15 டிகிரி வாக்கில் இருந்தால் விரைவாகத் திரளும். அதற்கு மேல் சூடானால் வெண்ணெய் கொழகொழவென்று கிடக்கும். குளிர்ந்த நீரில், நீர் தெளியும்வரை பிசைந்து அலச வேண்டும். மோர் தங்கினால் சீக்கிரம் புளித்துவிடும்.

ரொட்டிப் பக்கத்தில் ஒரு படம் தவறு. குழந்தை ஒன்று கரண்டியிலிருந்து பச்சை மாவை நக்குகிறது. முட்டை சேர்க்காத மாவாக இருந்தாலும் பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம். வேகாத மாவைத் தின்னக் கொடுக்கக் கூடாது. படத்தைப் பார்த்துப் பழகும் வயதுக்கான புத்தகத்தில் இதை அனுமதித்திருக்கவே கூடாது. மேலே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாம்.

‘ஒரு கப்’ அளவுக்கு மில்லி கொடுக்கவில்லை. 240 என்று வைத்துக்கொண்டால் எல்லாச் செய்முறையும் சரியாக வருகிறது.

ஆக, நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். உள்ளடக்கத்தில் இதற்கு இணையானதைப் பார்த்ததில்லை என்பது உண்மை, இருந்தும் வேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் எடுத்து வந்து, முட்டைப் பக்கத்தையும் வெண்ணெய்ப் பக்கத்தையும் பெரிய தாளில் வரைந்து அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த 62-ஐயும் 70-ஐயும் நடுவில், பெரிதாக எழுதுங்கள். தைத்த பதிப்பு என்று யாராவது சொன்னால் முதுகின் மேல்முனையைப் பாருங்கள்: தாள்கள் கட்டுக் கட்டாக மடிந்து தெரிய வேண்டும், ஒரு கட்டின் நடுவைத் திறந்தால் நூல் கண்ணில் பட வேண்டும். அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே வாங்குங்கள்.