17 பாரம், 500 பிரதி: ஓர் அச்சகத்தின் வேலை குறித்து

எங்கள் ஊர் ஏரிகளைப் பற்றி நான் எழுதிய நூலைச் சென்னையில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கொடுத்து 500 பிரதிகள் அச்சிட்டு வாங்கினேன். அச்சு வேலை எனக்கு முழு நிறைவைத் தந்தது. பைண்டிங் வேலை தரவில்லை. குறையையும் சேர்த்தே எழுதுவதால் அச்சகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாள் மேலாளர் கையில் கொடுத்த கொட்டேஷன் ஒரே ஒரு வரிதான்: "டெமி 1x8, 272 பக்கம், 18.6 மேப்லித்தோ 1 கலர், ரேப்பர் 300 ஆர்ட் போர்டு 4 கலர், மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட்." புத்தகம் வாசிப்பவனுக்கு இதில் பாதிச் சொற்கள் பழக்கமானவைதாம், ஏனெனில் தமிழ் நூல்கள் சிலவற்றின் விவரப் பக்கத்தில் "தாள்: 18.6 கிலோ" என்று அச்சிட்டிருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன். ஒரு புத்தகம் எப்படி அத்தனை கிலோ இருக்கும் என்று யோசித்ததோடு அதை விட்டுவிட்டேன். மேலாளர் பொறுமையாக விளக்கினார். டெமி 1x8 என்பது நூலின் அளவு, மேப்லித்தோ உள்பக்கத் தாளின் வகை, ரேப்பர் என்றால் மேலட்டை. 58.5 செ.மீ. அகலமும் 91 செ.மீ. நீளமும் உள்ள டபுள் டெமி தாள் 500 கொண்டது ஒரு ரீம். அந்த ரீமின் எடைதான் 18.6 கிலோ. சதுர மீட்டருக்கு 70 கிராம், அதாவது 70 ஜிஎஸ்எம் என்று இன்று சொல்வதும் அதே தாளைத்தான். இதே அளவில் 16 கிலோ என்றால் அது 60 ஜிஎஸ்எம். எழுத்து பின்பக்கத்தில் நிழலாடும். அந்த முழுத் தாளைப் பதினாறாக மடித்தால் இரு புறமும் சேர்த்து 32 பக்கம் கிடைக்கும் என்பதால், 500 பிரதிக்கு எட்டரை ரீம் தாளும் அதற்கு மேல் கழிவுக்குக் கொஞ்சமும் வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த அச்சகத்தின் விலையோடு ஒப்பிட அந்த ஒரு கணக்கே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் கொண்டுபோன கோப்பில் இருந்தவை 272 பக்கங்கள் அல்ல, 275. அங்கே 16 பக்கம், அதாவது அந்த முழுத் தாளில் பாதியை மடித்த ஒரு கட்டு, ஒரு பாரம். 17 பாரத்துக்கு 272 பக்கம் வந்துவிடும். மிச்சமுள்ள மூன்று பக்கத்துக்காகத் தனி பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு என்று செலவு கூடும். "அதை வாங்கிக்கொள்ள எங்களுக்குக் கசக்காது, சார், உங்களுக்குத்தான் வீண்" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திரையில் ஓட்டிப் பார்த்து, மூன்று அத்தியாயங்களின் கடைசிப் பக்கத்தில் நாலைந்து வரிகள் மட்டுமே தொங்கிக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த வரிகளை மேலே இழுத்ததும் கணக்கு 272இல் நின்றது. எழுதியவனும் மெய்ப்புப் பார்த்தவரும் கவனிக்காததை அச்சகம் கவனித்தது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

அட்டை விஷயத்திலும் இதே அக்கறையைக் கண்டேன். வடிவமைப்பாளர் முதுகு 15 மி.மீ. இருக்கும் என்று உத்தேசமாக வைத்திருந்தார். அச்சகத்தாரோ அதே மேப்லித்தோவில் 136 வெற்று இலைகளை அடுக்கி டம்மி செய்து, அழுத்திப் பிடித்து அளந்து, 13 மி.மீ. என்று சொல்லித் திருத்தச் சொன்னார்கள். நூலின் பெயர் முதுகின் நடுவில் பிசகாமல் நிற்பதற்கு அந்த டம்மிதான் காரணம். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு படங்களை, அச்சில் மங்கிவிடும் என்று திருப்பியனுப்பி மூலப் படங்களைக் கேட்டு வாங்கினார்கள். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றன. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதமானது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

இனி கொட்டேஷனின் அந்தக் கடைசிச் சொல். "பர்ஃபெக்ட்" என்றால் குறையற்ற வேலை என்று உறுதியளிக்கிறார்கள் என எண்ணி நான் தலையாட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு பைண்டிங் முறையின் பெயர் மட்டுமே. மடித்த பாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகுப் பக்கத்தைக் கத்தியால் சீவி, சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டிவிடுவார்கள். சீவியதும் மடிப்பு போய்விடுவதால் ஒவ்வோர் இலையும் பசையை மட்டுமே நம்பி நிற்கும். செக்‌ஷன் தையலில் மடிப்பு அப்படியே இருக்கும், தையல் நூல் அதன் நடுவே ஓடும், புத்தகம் விரித்த இடத்தில் படியும். எனக்குத் தேவைப்பட்டது அதுதான், ஏனெனில் நூலில் பெரிய ஏரியின் வரைபடம் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பரந்து வருகிறது. தையலுக்குப் பிரதிக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று பிறகு தெரிந்தது. வரைபடத்தைத் திரையில் பார்த்த மேலாளர் அதை அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முறையைத் தேர்ந்தது என் அறியாமை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த முறையையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. வெளியீட்டுக்கு மறுநாளே ஒரு நண்பர் கழன்று வந்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தனி இலையாக இருந்தால் பசையைக் குறை சொல்லியிருப்பேன். வந்ததோ 135 முதல் 138 வரையுள்ள இரண்டு இலைகள், நடுவில் மடிப்பு அறுபடாமல், ஒரே துண்டாக. ஒன்பதாம் பாரத்தின் நட்டநடுத் தாள் அது. கத்தி போதிய ஆழத்துக்குச் சீவாததால் வெளித் தாள்களின் மடிப்பு மட்டும் அறுந்து, உள்ளே இருந்த தாளைப் பசை தொடவே இல்லை. கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது 43 பிரதிகள் இப்படி இருந்தன.

அச்சகத்தார் மறுபேச்சில்லாமல் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கழிவுக்கென்று கூடுதலாக அடித்த ரேப்பர்கள் 26 கைவசம் இருந்ததால், 26 பிரதிகளை மறுபடி ஆழமாகச் சீவி ஒட்டித் தந்தார்கள். இவை மற்றப் பிரதிகளைவிட ஏறக்குறைய 3 மி.மீ. குறுகலானவை, அலமாரியில் அடுக்கினால் வரிசை உள்வாங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. மீதி 17 பிரதிகளையும் நூலகங்களுக்கு என்று சொல்லி, அவர்கள் செலவிலேயே கையால் பைண்டிங் செய்யும் முதியவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். செக்‌ஷன் தையல் போட முடியுமா என்று அவரிடமே கேட்டேன். "மடிப்பை அறுத்தாயிற்றே, தம்பி, இனி எங்கே நூலை விடுவது?" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் கெட்டி அட்டையும் காலிகோத் துணியும் ஒட்டிக் கொடுத்தார். இழுத்துப் பார்த்தேன், ஓர் இலை அசையவில்லை. ஆனால் பக்கவாட்டுத் தையல் உள் ஓரத்தில் ஏறத்தாழ ஒரு விரற்கடை இடத்தை விழுங்கிவிடும் என்பதால், அந்த 17 பிரதிகளில் எவ்வளவு அழுத்தி விரித்தாலும் வரைபடத்தில் பெரிய ஏரியின் மதகு தெரிவதில்லை.