அன்றாட ஆங்கிலச் சொற்கள்: உக்ரேனியர்களுக்குக் கைகொடுப்பது எந்த வழி?

உக்ரேனிய மொழியில் 'ருக்கா' என்ற ஒரே சொல், தோள்மூட்டிலிருந்து விரல்நுனி வரையுள்ள முழு உறுப்பையும் குறிக்கும். 'நொஹா' என்றால் தொடை முதல் பாதம் வரை அடங்கிவிடும். 'பாலெட்ஸ்' என்பது கைவிரலையும் குறிக்கும், கால்விரலையும் குறிக்கும். கை, கால், விரல் என்று பேசிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பு எதுவும் இராது. ஆங்கிலத்திலோ ஹேண்ட் வேறு, ஆர்ம் வேறு. ஃபுட் வேறு, லெக் வேறு. கால்விரலுக்கு டோ என்று தனிச்சொல்லே உண்டு. தாய்மொழி வரப்புப் போடாத இடத்தில் ஆங்கிலம் வரப்புப் போடுகிறது. அன்றாடச் சொற்களைக் கற்பவரைத் தடுக்கிவிழ வைப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

2022 பிப்ரவரியில் தொடங்கிய முழு அளவிலான போருக்குப் பிறகு லட்சக்கணக்கான உக்ரேனியர்கள் பிரிட்டன், அயர்லாந்து, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தங்க நேர்ந்தது. நாட்டுக்குள்ளேயும் 2024-இல் நிறைவேறிய ஒரு சட்டம் ஆங்கிலத்தைப் பன்னாட்டுத் தொடர்பு மொழியாக அறிவித்து, சில அரசுப் பதவிகளுக்கு அதில் தேர்ச்சி வேண்டும் என்று விதித்தது. எனவே இலக்கண நூலைக் கையில் எடுக்கவே நேரமில்லாத பலரும் கடை, மருத்துவமனை, பள்ளி, வாடகை வீடு ஆகியவற்றுக்கான சொற்களை அவசரமாகத் தேடுகிறார்கள். அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: டுவோலிங்கோ போன்ற செயலிகள், உக்ரேனிய மொழியில் இயங்கும் இணையக் கற்போர் குழுக்கள், ஆங்கி போன்ற நினைவட்டை மென்பொருள்கள், ஆங்கிலம் பேசுவோருடன் நேரடி உரையாடல். வசதி, விலை, பொழுதுபோக்கு ஆகியவற்றை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சாதாரணச் சொல்லை எடுத்துக்கொண்டால் இந்த நான்கும் அதை என்ன செய்கின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

செயலியின் பலம் ஒழுங்கு. உக்ரேனிய மொழி வழியாக ஆங்கிலம் கற்பதற்கான பாடத்திட்டம் டுவோலிங்கோவில் உண்டு. தினமும் பத்து நிமிடம் உட்காரவைப்பதில் அதற்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் அது கற்பவரின் ஊரையோ வீட்டையோ அறியாது. உக்ரைனில் தரைமட்டத்தில் இருக்கும் தளமே 'முதல் போவெர்ஹ்'. பிரிட்டனில் அது கிரவுண்ட் ஃபுளோர். அதற்கு மேலே இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃபுளோர். முதல் என்பதற்கு ஃபர்ஸ்ட், போவெர்ஹ் என்பதற்கு ஃபுளோர் என்று சரியாகவே கற்றுக்கொண்டு லண்டனில் ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறவர், சரியான இரண்டு சொற்களோடு தவறான கதவைத் தட்டுவார். அமெரிக்காவுக்குப் போனவருக்கோ உக்ரேனியக் கணக்கே பொருந்திவிடும்.

இத்தகைய இடங்களில்தான் தாய்மொழிக் குழு முந்துகிறது. டெலிகிராமிலும் முகநூலிலும் நாளுக்கு ஒரு சொல், அதற்கு உக்ரேனிய மொழியில் விளக்கம், அதன் கீழே கேள்விகள் என்று இவை நடக்கின்றன. பிரிட்டனில் குடும்ப மருத்துவரின் மருத்துவமனையைச் சர்ஜரி என்று அழைப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சர்ஜரிக்கு வரவும் என்ற கடிதம் கையில் கிடைத்தால், அகராதியைப் புரட்டுபவருக்கு முதலில் கிடைக்கும் பொருள் அறுவைச் சிகிச்சை. இருமலுக்கு எதற்கு அறுவை என்று அவர் பதறுவதற்குள், அதே கடிதத்தால் போன மாதம் தானும் பதறிய ஒருவர் குழுவில் இரண்டே வரியில் விளக்கிவிடலாம். ஒலியில் ஒத்து, பொருளில் வேறுபடும் 'பொய் நண்பர்கள்' எனப்படும் சொற்களிலும் இதே கதைதான். உக்ரேனிய 'மஹஸின்' கடையைக் குறிக்கும். மேகஸின் என்பது இதழ். 'அகுராத்னி' என்பவர் நேர்த்தியானவர். அக்யூரேட் என்றால் துல்லியம். 'சிப்ஸி' என்றால் பொட்டலத்தில் வரும் மெல்லிய வறுவல். பிரிட்டனில் சிப்ஸ் கேட்டால் தட்டில் தடித்த, சூடான உருளைக்கிழங்குத் துண்டுகள் வரும். கற்பவர் எங்கே தவறுவார் என்பதை அதே இடத்தில் தவறியவரே எளிதில் ஊகிக்கிறார்.

குழு உக்ரேனிய மொழியில் நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வெறும் அரசியலாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். நெடுங்காலமாக உக்ரேனியர்கள் பலர் ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட நூல்கள், பாடங்கள் வழியாகவே ஆங்கிலம் கற்றனர். வீக் என்ற சொல்லுக்கு ரஷ்ய விளக்கம் 'நெதேல்யா', அதாவது வாரம். உக்ரேனிய மொழியில் ஏறத்தாழ அதே ஒலியுடைய 'நெதில்யா' ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கிறது. 'லுனா' என்பது ரஷ்யத்தில் நிலவு, உக்ரேனியத்தில் எதிரொலி. இரு மொழியும் தெரிந்த தலைமுறை இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். உக்ரேனியத்தை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு ஒரு சொல்லைக் கற்க இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் மூன்றாம் மொழியை அகற்றிவிட்டது இந்தக் குழுக்கள் செய்த பெரிய உதவி என்பது என் கருத்து.

இனி அவற்றின் குறைகள். ஒருவருடைய தவறு பத்துப் பேரின் விருப்பக்குறியோடு விதியாகிவிடுவது முதல் குறை. அமெரிக்காவின் சிகாகோவில் இருப்பவரும் பிரிட்டனின் லீட்ஸில் இருப்பவரும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தருவார்கள். இரண்டும் சரியாக இருக்கும், கேட்டவர்தான் குழம்பிப்போவார். ஒலியில் நிலைமை இன்னும் மோசம். தமிழில் உள்ள குறில், நெடில் வேறுபாடு உக்ரேனிய மொழியில் இல்லை. ஆகவே ஃபுல், ஃபூல் என்ற இரண்டும் பலருடைய காதில் ஒன்றாகவே விழும். தனக்கே கேட்காத வேறுபாட்டைச் சக கற்பவர் எப்படித் திருத்துவார்? எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, குழுவில் படித்த சொல் படித்ததோடு நின்றுவிடுவது. விளக்கத்தைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த பதிவுக்கு நகர்ந்தவரிடம் ஒரு வாரம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டால் அனேகமாக விழிப்பார்.

மறதியின் போக்கை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கவுஸ் 1885-இலேயே அளந்து காட்டினார். 2006-இல் வெளியான ஆங்கி, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பதன் மூலம் அதை எதிர்கொள்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் கட்டணம். ஆனால் அட்டை எவ்வளவு நல்லதோ, நினைவும் அவ்வளவுதான். ஒரு பக்கம் ருக்கா, மறுபக்கம் ஹேண்ட் என்று எழுதிய அட்டை, தவறை ஆயுள் முழுவதும் மறக்காமல் பார்த்துக்கொள்ளும். 'முழங்கையை மடக்க முடியவில்லை, ____ முறிந்துவிட்டது' என்று ஆங்கில வாக்கியத்தில் ஓர் இடம் விட்டு, அதற்கு ஆர்ம் என்று விடை வைத்தால் அட்டை பயன் தரும். இப்படி ஓர் அட்டை எழுதுவதற்குத் தேவையான அறிவு ஆங்கிக்குள் இல்லை. பெரும்பாலும் அது குழுவில் கிடைத்த விளக்கத்திலிருந்து வருவது. இவ்விரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதே சற்று அநியாயம்.

நேரடி உரையாடலுக்கு வாய்ப்புகள் குறைவில்லை. 2020-இல் தொடங்கப்பட்ட எஞ்சின் என்ற அமைப்பு, உக்ரேனிய இளையோரை ஆங்கிலம் பேசும் தன்னார்வலர்களுடன் இணையவழிப் பேச்சுக்காக இலவசமாக இணைக்கிறது. கட்டணம் செலுத்தி ஆசிரியரைத் தேடுபவர்களுக்கு, உக்ரேனியர்கள் 2012-இல் நிறுவிய பிரெப்லி இருக்கிறது. 'யூ ஆல்ரைட்?' என்று பிரிட்டனில் ஒருவர் கேட்டால் அது வணக்கம்தான், உடல்நல விசாரிப்பு அல்ல என்பதும், அதற்கு எத்தனை சொற்களில் பதில் சொல்லி நகர வேண்டும் என்பதும் பேச்சிலேயே படிகின்றன. ஆனால் தன்னார்வலர் எல்லாவற்றையும் திருத்துவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'போஸிச்சாட்டி' என்ற உக்ரேனிய வினை, கடன் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒருசேரக் குறிக்கும். எனவே பேனாவைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் லெண்ட் என்பதற்குப் பதில் பாரோ என்ற சொல் வந்து விழும். எதிரில் இருப்பவருக்கு அது புரிந்துவிடும். மரியாதை கருதிப் பேனாவை நீட்டிவிடுவார், தவறு ஏன் நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு உக்ரேனியர் இருந்தால் உடனே சிரித்துவிடுவார்.

ஒரு நாளில் அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கிறது என்றால் என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். மான்செஸ்டரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலையும் தாய்க்குச் செயலி வேண்டாம். அவரைச் சுற்றி ஆங்கிலம் தானாகவே கொட்டிக்கிடக்கிறது. பள்ளியிலிருந்தும் நகர மன்றத்திலிருந்தும் வரும் கடிதங்களில் பிடிபடாத சொல்லை அதே நாட்டில் வாழும் உக்ரேனியர் குழுவில் கேட்டு, விளக்கத்தை அன்றிரவே அட்டையாக்கினால் போதும். உக்ரைனின் லிவிவ் நகரில் படிக்கும் மாணவருக்கு நிலைமை நேர்மாறானது: குழுவிலும் அட்டையிலும் சேரும் சொற்கள் நாக்குக்கு வரும் வழி அங்கே இல்லை, ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்கே அவர் முதலிடம் தர வேண்டும், அந்த வாரம் எழுதிய அட்டைகளிலிருந்து ஐந்து சொற்களையாவது அந்தப் பேச்சில் வலிந்து நுழைக்க வேண்டும். சொல்லே அறியாமல் முதல் மாதத்தில் இருப்பவருக்குச் செயலி தாராளமாகப் போதும். சர்ஜரிக்கு வரச்சொல்லும் முதல் கடிதம் வந்து சேரும் வரை.