வீட்டிலேயே சிறுநீர்ப் புரதம் பார்த்த மூன்று ஆண்டுகள்

மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று தெரிந்தபோது வயது நான்கு. காலையில் இமை வீங்கியிருந்ததைப் பூச்சிக்கடி என்றே நினைத்துவிட்டோம். சிறுநீரகச் சல்லடை வழியே அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறது என்றார் மருத்துவர். அன்று தொடங்கியது, தினமும் காலையில் முதல் சிறுநீரில், புரதத்துக்கு நிறம் மாறும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கும் வேலை.

நனைத்து, விளிம்பைத் தட்டிவிட்டு, அறுபது நொடி கழித்து டப்பியின் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் நிம்மதி. பச்சை ஏற ஏறப் புரதம் அதிகம்; அந்த அளவை டப்பியில் பிளஸ் குறிகளால் காட்டியிருப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் காட்டினால் நோய் திரும்பிவிட்டது. இரண்டு முறை அப்படித்தான் முகம் வீங்கும் முன்பே பிடித்தோம். இரண்டுமே சளிக் காய்ச்சலுக்குப் பிறகு வந்தவை.

பட்டைக்கு எதிரி ஈரம். மன்னார்குடியில் ஐப்பசி அடைமழைக்கு உப்பு ஜாடியே கசியும். போன வருடம் மூடியை இறுக்காமல் விட்டதில், நனைக்கும் முன்பே பட்டை பச்சை பூத்திருந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டு பிளஸ் என்று பதறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே புரதமே இல்லை. குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. உலர்ந்த அலமாரிதான் சரி.

இப்போது சந்தேகம் வந்தால் சல்போசாலிசிலிக் அமிலம். சோதனைக் குழாயில் சிறுநீர் எடுத்துச் சில சொட்டு விட்டால், புரதம் இருந்தால் கலங்கும். குழாய்க்குப் பின்னால் நாள்காட்டித் தாளைப் பிடிப்பேன். ராகு காலம் தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. எழுத்தே தெரியாவிட்டால் மருத்துவருக்குப் போன். அமிலம் பரண்மேல் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டாது.

ஊரில் ஒரு பரிசோதனைக் கூடம் "புரதம்: உண்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அதை வைத்து என்ன செய்வது? சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் (சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) விகிதம் கேளுங்கள்: 0.2-க்குக் கீழ் நல்லது, 2-க்கு மேல் போனால் நோய் தீவிரம்.

சர்க்கரைக்காரரான மாமனாரும் ஒரு பட்டை வாங்கி நனைத்து, மஞ்சள் என்று மகிழ்ந்தார். தொடக்கநிலைக் கசிவு இந்தப் பட்டைக்குப் பிடிபடாது. மைக்ரோஅல்புமின் பரிசோதனை வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். போய் வந்த நாள் முதல் ஊறுகாயைக் குறைத்திருக்கிறார்.

அறுபது எண்ணுவது இப்போது மகன் பொறுப்பு. நாற்பதுக்குப் பிறகு ஓட்டமாக ஓடுகிறான். அதனால் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்கிறேன்.