வண்ணக் கண்ணாடிச் சன்னல் பழுதுபார்ப்பு: எங்கள் கோயிலின் அனுபவம்

பாம்பனுக்கு அருகிலுள்ள எங்கள் கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று கச்சான் எனப்படும் மேற்குக் காற்றில் விரிசல் கண்டதால், அதைச் சீர்செய்யும் பணியை வெளியூர்ப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. உடைந்த துண்டுகளின் வடிவைத் தாளில் படியெடுத்து, அதன்படி புதுக் கண்ணாடியைக் கீறி உடைத்து, இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, மூட்டுகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் இணைத்தார்கள். பிறகு சீமைச் சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த பசையை இடுக்குகளில் பிரஷால் தேய்த்துப் புகுத்தி, மழைநீர் நுழையாமல் அடைத்தார்கள். கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலத் துண்டுகளைப் பழைய நீலத்தோடு வெயிலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொறுமைக்கே தனிக் கூலி கொடுக்கலாம்.

சன்னலைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளைச் சாதாரண இரும்பில் போட்டதுதான் என் மனத்தாங்கல். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள கல்லையும் கண்ணாடியையும் நெருக்கி வெடிக்கச் செய்யும். நாட்டுப்படகின் ஆணிக்கே இங்கு அந்தக் கவனம் உண்டு! எட்டே மாதத்தில் செம்பழுப்புக் கறை வடிந்தது. கேட்டதும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை மாற்றித் தந்தார்கள். ஆனால் பயணச் செலவை எங்கள் தலையில் கட்டினார்கள். மஞ்சள் மட்டும், வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் சுட்ட பழைய மஞ்சளைவிடச் சற்று வெளிறியே நிற்கிறது.