இஸ்தான்புல்லில் இடைவேளை: இலவசப் பேருந்தா, மெட்ரோவா?

இஸ்தான்புல் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால், ஊருக்குள் போய் வர முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துருக்கி ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்காக நடத்தும் 'டூரிஸ்தான்புல்' என்ற இலவசச் சுற்றுலா. மற்றொன்று, மெட்ரோ ரயில் ஏறி நாமே போவது. ஒரே மாதத்தில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். அம்மாவை பாஸ்டனில் தம்பி வீட்டில் விடப் போனபோது பேருந்துச் சுற்றுலா. மூன்று வாரம் கழித்துத் தனியாகத் திரும்பியபோது மெட்ரோ. இன்னொரு முறை வாய்த்தால் நான் மெட்ரோவில்தான் போவேன்.

முதலில் விசா. எந்த வழியில் போனாலும் துருக்கிக்குள் நுழைய அனுமதி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசா இருந்தால், துருக்கி அரசின் இணையதளத்திலேயே மின்விசா எடுத்துவிடலாம். அது ஒரே ஒரு முறை நுழைவதற்கு மட்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று ஊருக்குள் போக நினைப்பவர்கள் இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறை கட்டணம் கட்ட வேண்டும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இதை முடித்து, அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நிலையத்துக்குள்ளேயே இருந்துவிடுவது மூன்றாவது வழி. இடைவெளி ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவே சரி. அதற்கு மேல் இருந்தும் உள்ளே உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வராது.

டூரிஸ்தான்புல்லில் குறை சொல்ல அதிகம் இல்லை. சர்வதேச விமானத்தில் வந்து சர்வதேச விமானத்தில் போகிறவர்களுக்கு, இடைவெளி ஆறு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் இடம் கிடைக்கிறது. வழிகாட்டி, பேருந்து, சாப்பாடு எல்லாம் அவர்களுடையவை. நாளில் சில குறிப்பிட்ட நேரங்களில் வண்டி கிளம்புகிறது. காலை பத்து மணி வாக்கில் இறங்கிய எங்களுக்கு நண்பகல் வண்டி கிடைத்தது. அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, இரண்டு முழங்காலிலும் வலி. வாசலிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு அவருக்குப் பெரிய உதவி. பழைய குதிரைப் பந்தய மைதானத்தில் நிற்கும் எகிப்தியத் தூணைப் பார்த்தோம். 1616-ல் கட்டி முடித்த நீல மசூதிக்குள் போனோம். தேவாலயமாகக் கட்டப்பட்டு இப்போது மசூதியாக இருக்கும் அயா சோபியாவை அன்று வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. 537-ல் கட்டி முடித்தது என்று வழிகாட்டி சொன்னதும் அம்மா, "அப்படியானால் நம் பெரிய கோவிலைவிடப் பழையதா?" என்று கேட்டார். ஆமாம், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. அதைக் கேட்ட பிறகு வெகுநேரம் அந்தக் குவிமாடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்துப் போக முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. (2024 ஜனவரி முதல் வெளிநாட்டவர் அங்கே கட்டணம் செலுத்தி மாடிப் பகுதியை மட்டும் பார்க்கலாம். கட்டணம் 25 யூரோ.)

அன்று எனக்கு நிம்மதி போனது திரும்பி வரும் வழியில். இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேறு எதையும் எடைபோட வேண்டாம், திரும்பும் கணக்கு ஒன்றே போதும் என்பது என் எண்ணம். அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2018-ல் திறந்த புதிய விமான நிலையம் கருங்கடல் கரையோரம் இருக்கிறது. பழைய நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. எங்கள் விமானம் மாலை ஆறரைக்கு. அமெரிக்கா போகும் விமானங்களுக்கு வாயிலருகே தனியாகவும் சோதனை உண்டு. அது போதாதென்று நிலையத்தின் நுழைவாயிலிலேயே ஒரு பை சோதனை, பிறகு கடவுச்சீட்டு வரிசை, பிறகு மறுபடியும் ஒரு சோதனை, அதன் பிறகு நீண்ட நடை. முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் இத்தனையையும் கடக்க மூன்று மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தேன். சக பயணி ஒருவர் கடைத்தெருவிலிருந்து திரும்ப இருபது நிமிடம் தாமதித்தார். அவருக்காக எல்லோரும் காத்திருந்தோம். கிளம்பிய பிறகு நெரிசல். ஒன்றரை மணி நேரம் பேருந்துக்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாயில் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம், இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் கையில் எதுவுமே இல்லை. எப்போது கிளம்புவது, எதை விட்டுவிட்டு முன்னதாகத் திரும்புவது என்று எதையும் நான் முடிவு செய்ய முடியாது.

மெட்ரோவில் இந்தக் கவலை ஏறக்குறைய முழுவதுமாக நீங்கிவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து எம் 11 தடம் கைரெத்தெபே வரை போகிறது. சுமார் 34 கிலோமீட்டர், அரை மணி நேரம். மாலை ஐந்து மணியானாலும் இரவு ஒன்பது மணியானாலும் அதே அரை மணி நேரம்தான். கைரெத்தெபேயில் இறங்கி, நீண்ட சுரங்கப் பாதையில் நடந்து எம் 2 தடத்துக்கு மாற வேண்டும். அங்கிருந்து பழைய நகரம் இருபது நிமிடத்துக்குள். கதவு முதல் கதவு வரை ஒன்றே கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் அதில் பத்து நிமிடம்கூட மாறவில்லை. எம் 11-ல் ரயில்கள் நகரத் தடங்களைப் போல அடுத்தடுத்து வருவதில்லை. ஒரு ரயிலைத் தவறவிடுவதற்கென்று இருபது நிமிடம் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிலையத்து இயந்திரத்தில் இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். இரண்டு மூன்று பேர் ஒரே அட்டையில் போகலாம்.

ஹவாயிஸ்ட் என்ற விமான நிலையப் பேருந்தும் இருக்கிறது. பெட்டி வைக்க இடம் உண்டு, மாற வேண்டியதில்லை. மெட்ரோ ஓடாத பின்னிரவில் இறங்குகிறவர்களுக்கு அது பயன்படும். ஆனால் அதற்கும் அதே சாலைதான்.

திரும்பும் நேரம் உறுதியாகத் தெரிந்துவிட்டால், இடையில் கிடைக்கும் நேரத்தை அச்சமில்லாமல் செலவழிக்கலாம். நண்பகலில் இறங்கினேன், நள்ளிரவு கடந்து அடுத்த விமானம். கைப்பெட்டியை நிலையத்திலேயே காப்பறையில் வைத்துவிட்டு, தோள்பையோடு ரயில் ஏறினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை ஆகாது. கல் பாவிய தெருக்கள், சரிவு அதிகம்.

அயா சோபியா இருக்கும் சுல்தானஹ்மத் பக்கம் நான் போகவில்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் வரிசை, வரிசைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எம் 2 ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, தங்கக் கொம்பு நீர்வழியின் மேலுள்ள பாலத்தில் நிற்கிறது. பாலத்தின் நடுவிலேயே ஒரு நிலையம். அங்கிருந்து பார்த்தால் குன்றின் மேல் சுலைமானியே மசூதி தெரியும். அடுத்த நிலையம் வெஸ்னெஜிலர். இறங்கி, பல்கலைக்கழகத்தின் மதிலை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் மசூதி.

1550-ல் தொடங்கி 1557-ல் முடித்த கட்டடம். கட்டியவர் மிமார் சினான். நான்கு மினார்கள், அவற்றில் மொத்தம் பத்து மாடங்கள். இதைக் கட்டுவித்த சுலைமான், உஸ்மானியர் இஸ்தான்புல்லைக் கைப்பற்றிய பிறகு வந்த நான்காவது சுல்தான் என்பதால் நான்கு, உஸ்மானிய வம்சத்தின் பத்தாமவர் என்பதால் பத்து என்று விளக்கம் சொல்கிறார்கள். உள்ளே 53 மீட்டர் உயரத்தில் குவிமாடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தொழுகை நேரத்தில் மட்டும் பார்வையாளர்களை விடுவதில்லை, வெள்ளிக்கிழமை நண்பகலில் போகவே கூடாது. நான் போனது லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம். கம்பளத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். மேலே ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முதியவர் தூணில் சாய்ந்தபடி ஓதிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கூப்பிட யாரும் இல்லை.

பின்புறத் தோட்டத்தில் சுலைமானுக்கும் அவர் மனைவி ஹுர்ரெம் சுல்தானுக்கும் தனித்தனிக் கல்லறை மண்டபங்கள். சினானின் கல்லறை மதிலுக்கு வெளியே, தெரு மூலையில், மிகச் சிறியதாக இருக்கிறது. அதைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பியவர் அதன் மூலையில் அவ்வளவு சிறிய இடத்தை எடுத்துக்கொண்டிருப்பது நெஞ்சைத் தொட்டது.

மசூதிக்கு எதிரே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். வெள்ளை பீன்ஸைத் தக்காளிக் குழம்பில் வேகவைத்து, சோற்றோடும் ஊறுகாயோடும் தருகிறார்கள். பெயர் குரு ஃபசூலியே. மூன்று வாரம் ரொட்டி தின்ற நாக்குக்கு அந்தச் சோறு அமிர்தமாக இருந்தது. சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும், சில கடைகளில் இறைச்சி சேர்த்து வேகவைக்கிறார்கள்.

அங்கிருந்து வழி முழுவதும் இறக்கம். பாத்திரக் கடைகளும் மரச்சாமான் கடைகளும் நிறைந்த சந்துகள் வழியாக இறங்கினால் ருஸ்தம் பாஷா மசூதி. இதுவும் சினான் கட்டியதுதான். கீழே கடைகள், மேலே மசூதி, கடை வாடகையில் மசூதியின் செலவு. குறுகலான படியில் ஏறி உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகள், நீலத்தின் நடுவே தக்காளிச் சிவப்பு. எனக்கு நீல மசூதியைவிட இதுதான் அழகாகத் தெரிந்தது. கூட்டமும் இல்லை. அடுத்து மசாலாச் சந்தை. துருக்கியர் அதை எகிப்துச் சந்தை என்கிறார்கள். நம் மேற்குக் கரை மிளகு செங்கடல் வழியாக எகிப்து போய், அங்கிருந்து இந்த நகரத்துக்கு வந்த காலத்தை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது.

சந்தையைக் கடந்தால் கலாத்தா பாலம். கைப்பிடிச் சுவர் நெடுகத் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாலத்தின் நடுவில் நின்று பார்த்தபோது சுலைமானியேக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரை கராக்கோய். அங்கே 1875-ல் திறந்த துனல் என்ற சுரங்க ரயில் இருக்கிறது. லண்டனுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய நகரச் சுரங்க ரயில் இது. இரண்டு நிமிடத்துக்குள் மேட்டின் உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சில அடிகளில் ஷிஷானே, மறுபடியும் எம் 2 தடம். போன வழியே திரும்பி நடக்க வேண்டியதில்லை, ஏற்றமும் இல்லை. இந்தப் பாதையின் பெரிய சிறப்பு இதுதான். ஏழே முக்காலுக்கு ஷிஷானேயில் ஏறினேன், ஒன்பது மணிக்கு விமான நிலைய வாசலில் இருந்தேன். விமானத்துக்கு நான்கு மணி நேரம் மீதி. ஒருமுறைகூடப் பதற்றத்தோடு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

என் இரண்டு பயணங்களையும் அப்படியே தராசில் வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் முறை எட்டரை மணி நேரம், அம்மாவுடன். இரண்டாம் முறை பதின்மூன்று மணி நேரம், தனியாக. மழைக்காலத்தில் அந்தச் சரிவுகளில் இறங்கிப் பார்த்ததில்லை. சிறு குழந்தைகளை அழைத்துப் போன அனுபவமும் இல்லை. பெரியவர்களோடு வருகிறவர்கள், வெளியூரில் தனியாக ரயில் மாறத் தயங்குகிறவர்கள், செலவே செய்ய விரும்பாதவர்கள் டூரிஸ்தான்புல்லில் போகலாம். ஆனால் அவர்களும் அடுத்த விமானத்துக்கு மூன்றரை மணி நேரமாவது மீதி வைக்கும் வண்டியாகப் பார்த்து ஏறட்டும்.

ஏப்ரலில் அம்மாவை அழைத்து வரப் போகிறேன். இந்த முறையும் நண்பகல் முதல் நள்ளிரவு வரை இடைவெளி. சரிவில் இறங்குவது அவருக்கு முடியாது. அதனால் வெஸ்னெஜிலரில் இறங்கி, மெதுவாக நடந்து சுலைமானியே போய், தங்கக் கொம்பைப் பார்த்த அந்த முற்றத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, எதிர்க்கடையில் சோறு வாங்கிக் கொடுத்து, அதே நிலையத்துக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம். தொலைபேசியில் சொன்னேன். "உட்கார இடம் இருக்கிறது அல்லவா?" என்று மட்டும் கேட்டார். நிழலோடு இருக்கிறது என்றேன்.